மார்கழியிலும் யன்னலோரம் பூ

நவம்பர் பிறந்தால் பானில் வானம் மூடிவிடும். ரைன் ஆற்றுப் பக்கம் பனி பெரிதாகக் கொட்டுவதில்லை. சாம்பல் நிறமும் தூறலும்தான். டிசம்பர் 21 அளவில் இங்கே பகல் சுமார் 8 மணித்தியாலம். அதே நாள் யாழ்ப்பாணத்தில் பதினொன்றரை மணித்தியாலம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பும்போதும் இருட்டு, வேலையால் வரும்போதும் இருட்டு. இங்கேயே வளர்ந்த எங்களுக்கு இது பழகிவிட்டது. நாள் முழுக்க வீட்டோடு இருக்கிற அம்மம்மாவுக்கும் அப்பப்பாவுக்கும் அப்படியில்லை. "காலமை சாமிக்கு வைக்க ஒரு பூக்கூட இல்லையே" என்ற கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கடைப் பூங்கொத்து ஒரு கிழமையில் வாடிப்போகும். சாடியில் நிற்கிற பூமரம் மாதக்கணக்கில் நிற்கும்.

முதலில் ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். மல்லிகையை மார்கழியில் பூக்கவைக்க மல்லுக்கட்ட வேண்டாம். அதற்கு வேண்டிய வெயில் எங்கள் யன்னலுக்குள் வராது. செவ்வரத்தை கொஞ்சம் பரவாயில்லை, தெற்குப் பார்த்த யன்னலில் இடைக்கிடை ஒரு பூ தரும். இரண்டையும் சுமார் 15 பாகையில் வெளிச்சமான இடத்தில் வைத்து, தண்ணீரைக் குறைத்து ஓய்வெடுக்க விடுங்கள். பனிக்காலப் பூவுக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

எல்லாருக்கும் தெரிந்தது வைநாக்ட்ஸ்டெர்ன். ஊர் மெக்சிகோ, இனம் கள்ளி. இலையைக் கிள்ளினால் கள்ளிப்பால் மாதிரியே வெள்ளைப் பால் வரும். சிவப்பாகத் தெரிவது பூ இல்லை, இலை. நடுவில் மஞ்சளாகச் சின்னதாக இருப்பதுதான் பூ. வாங்கும்போது குளிரில் கடைக்கு வெளியே நிற்கிற சாடியைத் தொடவேண்டாம். 10 பாகைக்குக் கீழே போனால் இந்தக் கன்றுக்கு ஆகாது, வீட்டுக்கு வந்து இரண்டு நாளில் இலை கொட்டும். உள்ளே நிற்கிறதை எடுத்து, பேப்பரால் நன்றாகச் சுற்றிக்கொண்டு வாருங்கள். ஹைசுங்குக்கு மேலே வைக்காதீர்கள், தட்டில் தண்ணீர் தேங்கவும் விடாதீர்கள்.

கிறிஸ்மஸ் முடிய எல்லாரும் இதைக் குப்பையில் போடுகிறார்கள். அது அநியாயம். வசந்தத்தில் வெட்டிவிட்டு, கோடையில் பால்கனியில் வைத்தால் திரும்பத் தழைக்கும். ஆனால் பச்சையாகவே நிற்கும். அதைச் சிவப்பாக்க வேண்டியது இருட்டு. இரவு நீளுகிறதைக் கணக்கு வைத்துத்தான் அது நிறம் மாறும். எங்கள் வீடுகளில் இரவு 10 மணிவரை லைட் எரிந்தால் அதற்கு மார்கழி வந்ததே தெரியாது. ஆகவே ஒக்டோபர் தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் 5 மணிக்கு ஒரு மட்டைப்பெட்டியால் மூடி, காலமை 8 மணிக்குத் திறக்கவேண்டும். ஆறு தொடக்கம் எட்டுக் கிழமை, ஒரு நாளும் தவறாமல். தெருவிளக்கு வெளிச்சம்கூட உள்ளே போகக் கூடாது. மூடுகிற வேலையைப் பிள்ளைகளுக்கும், திறக்கிற வேலையை அம்மம்மாவுக்கும் கொடுக்கலாம். அடுப்பில் சோறு வெந்ததா என்று பார்க்கிற மாதிரி, தினமும் "சிவந்திட்டுதா?" என்று எட்டிப் பார்ப்பார்கள்.

கலஞ்சோவும் இதே இருட்டுக் கணக்கில்தான் பூக்கும். ஜேர்மன்காரர் 'ஃப்ளாமெண்டஸ் கேட்சென்' என்பார்கள். மடகாஸ்கர் செடி, 1930களில் இதைக் கடைகளுக்குக் கொண்டுவந்தவர் பொட்ஸ்டாம் நாற்றுமேடைக்காரர் ரொபேர்ட் புளொஸ்ஃபெல்ட். எங்கள் ரணகள்ளிக்கு, அதாவது 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்கிற செடிக்கு, இது சொந்தக்காரி. தண்ணீர் ஊற்ற மறந்தாலும் கோபிக்காது.

எனக்கு மிகவும் பிடித்தது உசம்பாரா ஊதாப்பூ. இன்றைய தன்சானியா அன்று ஜேர்மன் காலனியாக இருந்த நேரம், அங்கே அதிகாரியாக இருந்த வால்டர் ஃபொன் செயின்ட் பால் இதன் விதையைத் தகப்பனுக்கு அனுப்பினார். 1893இல் ஹனோவர் ஹெரன்ஹவுசன் தோட்டத்து ஹெர்மன் வெண்ட்லாண்ட் பெயர் வைத்தார். சாடி கைக்குள் அடங்கும். கிழக்கு யன்னல் போதும். இலையில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் புள்ளி விழும். தட்டில் ஊற்றி, அரை மணித்தியாலத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். காம்போடு ஒரு இலையை மண்ணில் குத்தினால் சில மாதத்தில் புதுக்கன்று. சாமித்தட்டுக்கு ஏற்ற பூ.

அமரில்லிஸ் கிழங்கை நவம்பரில் பாதி வெளியே தெரிய நட்டால் ஆறெட்டுக் கிழமையில் கைப்பிடி அளவு பூ விரியும். ஒரு எச்சரிக்கை: அந்தக் கிழங்கு பார்க்க வெங்காயமேதான், ஆனால் நஞ்சு. குசினியில் வைக்கவே கூடாது. ஆல்பென்ஃபைல்சென் கிழங்கும் அப்படித்தான். தவழுகிற குழந்தை இருந்தால் இரண்டையும் தவிர்ப்பது நல்லது. வாயில் வைத்துவிட்டால் பான் பல்கலைக்கழக மருத்துவமனையின் நஞ்சுத் தகவல் நிலையத்துக்கு உடனே எடுங்கள்: 0228 19240. எண்ணைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள்.

செலவே இல்லாத வழியும் உண்டு. டிசம்பர் 4, பார்பரா நாள். அன்று செரிக் கொப்பு வெட்டித் தண்ணீரில் வைத்தால் கிறிஸ்மஸ் அளவில் பூக்கும். கிண்டர்கார்ட்டன் பிள்ளைகளுக்கு இந்த வழக்கம் தெரிந்திருக்கும். கொப்பை ஒரு இரவு இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவிட்டு, பிறகு சாடியில் வையுங்கள், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். தெரிந்தவர் தோட்டத்திலோ சந்தையிலோ எடுங்கள். அல்ட்ஸ்டட் தெருச் செரி மரங்களில் கைவைக்காதீர்கள், சித்திரையில் ஊரே அதைப் பார்க்கத்தான் வருகிறது!

இத்தனைக்கும் பிறகும் தை மாதம் நீளமாகத்தான் இருக்கும். ஒரு நாள் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு பொப்பெல்ஸ்டோர்ஃப் மாளிகைத் தாவரவியல் பூங்காவின் கண்ணாடி வீடுகளுக்குப் போய்ப் பாருங்கள் (திறக்கிற நேரம் பனிக்காலத்தில் குறைவு, பார்த்துப் போங்கள்). கதவைத் திறந்ததும் ஊர்க் காற்று மாதிரி ஈரச்சூடு முகத்தில் அடிக்கும். கோட்டைக் கழற்றவேண்டி வரும். சுமாத்திராவின் டைட்டன் அரும் இந்தப் பூங்காவின் பெருமை. 2003இல் இங்கே 2.74 மீற்றர் உயரத்துக்குப் பூத்து அன்றைய உலக சாதனையானது. பூத்தால் அழுகின இறைச்சி மணம். எங்கள் கரணைக்கிழங்கும் அதே இனம்தான். அதை அம்மம்மாவுக்குச் சொல்லிவிடுங்கள், மிச்சக் கதையைப் பேரப்பிள்ளைகளுக்கு அவ சொல்லுவா.