சேமநிதியும் ஓய்வூதியமும்

ஓய்வூதியம் உயிருள்ளளவும் திங்கள்தோறும் வருவது. சேமநிதியோ சேர்ந்த அளவே வருவது. இரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் இன்றும் பலர். மலேசியாவில் 1951-ஆம் ஆண்டில் தோன்றிய ஊழியர் சேமநிதி இரண்டாம் வகையினது. 55 வயது நிரம்பிய சந்தாதாரர் அதுவரை சேர்ந்த தொகையை முழுவதுமாகவோ பகுதி பகுதியாகவோ எடுக்கலாம். அதற்கு வருமான வரி இல்லை. அப்பணத்தில் வாங்கிய வீட்டின் வாடகைக்கு மட்டும் வரி உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

வரி இல்லை என்பதற்காகவே எடுத்துவிடுவது அறிவுடைமை ஆகாது. ஒருவர் கணக்கில் 240,000 வெள்ளி உள்ளதெனக் கொள்வோம். அவர் திங்களுக்கு 1,000 வெள்ளி எடுத்துவரின், வழக்கமான சேமிப்புக்குச் சட்டம் உறுதி செய்யும் 2.5 விழுக்காட்டு இலாப ஈவு மட்டுமே கிடைப்பினும் அத்தொகை 27 ஆண்டுகளுக்குமேல் தாங்கும். மகள் திருமணத்திற்கென முதலிலேயே 60,000 வெள்ளியை எடுத்துவிட்டாலோ 19 ஆண்டுகளுக்குள் தீர்ந்துவிடும். எடுத்தது கால் பங்கு. குறைந்த காலமோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. முதல் குறையும்போது ஈவும் உடன் குறைவதே இதற்குக் காரணம்.

55-க்குப் பின்னும் உழைப்போர் செலுத்தும் சந்தா தனிக் கணக்கில் சேர்ந்து 60 வயதில் கைக்கு வரும். எடுக்காமல் விட்ட தொகைக்கு 100 வயதுவரை ஈவு உண்டு.