பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும்

பெங்களூரு காக்ஸ் டவுன் இளவட்டங்களின் பேச்சில் ஃபுட்பால், பாட்மின்டனோடு இப்போது பேடலும் சேர்ந்துவிட்டது. வீலர் ரோட்டில் ஸ்கூட்டரில் போகிறவரின் பையிலிருந்து நரம்பில்லாத, ஓட்டை போட்ட தடித்த மட்டை ஒன்று எட்டிப்பார்த்தால், அவர் பேடல் ஆடப் போகிறார் என்று அர்த்தம். நாலு பேர் சேர்ந்து கோர்ட் புக் பண்ணி, காசைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். மட்டை வாடகைக்குக் கிடைக்கும். ஷூ மட்டும் அவரவர் பாடு. இருப்பதை மாட்டிக்கொண்டு போகிறார்கள், வழுக்குவது அங்கேதான்.

1969இல் மெக்ஸிகோவின் அகபுல்கோவில் என்ரிகே கோர்க்குவேரா என்பவர் தன் வீட்டில் சுவர்களுக்கு நடுவே அமைத்துக்கொண்ட ஆட்டம் பேடல். 1974இல் ஸ்பெயினின் மார்பெயாவுக்குப் போய், அங்கிருந்து பரவியது. கோர்ட் 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பின்னால் கண்ணாடிச் சுவர். கீழே செயற்கைப் புல், அதன் இழைகளுக்கு நடுவே தூவிய மெல்லிய மணல்.

சூட்சுமம் அந்த மணலில்தான் இருக்கிறது. புல் இழைகளைத் தாங்குவது அது. ஆனால் போட்ட இடத்தில் கிடக்காது. ஆட ஆட ஓரத்துக்கும் மூலைக்கும் ஒதுங்கிவிடும். கோர்ட்காரர்கள் அவ்வப்போது பிரஷ் போட்டுப் பரப்பிவிட்டாலும், நடுவில் லேசாகவும் கண்ணாடிப் பக்கம் கனமாகவும் சேர்ந்துவிடும். பின்கண்ணாடியில் பட்டுத் திரும்பும் பந்துக்காக நாம் சட்டென்று உடம்பைத் திருப்பிக் கால் ஊன்றுவது அந்தக் கனத்தின் மேல்தான்.

பாட்மின்டன் ஷூவின் கம் சோல் மரத் தரையிலும் சிந்தெடிக் மேட்டிலும் அருமையாகப் பிடிக்கும். மணல் ஒட்டிய கணமே அந்தப் பிடி போய்விடும். ரன்னிங் ஷூ இன்னும் மோசம். நேராக ஓடுவதற்கென்று செய்தது. குதிகால் உயரம், பக்கவாட்டில் மெத்தை. பேடலில் நேராக ஓடுவது நாலைந்து எட்டுதான். மீதியெல்லாம் பக்கவாட்டில் நகர்வது, நிற்பது, திரும்புவது. உயரமான மெத்தை மேல் நின்று பக்கவாட்டில் பாய்ந்தால் கணுக்கால் மடங்கத்தானே செய்யும்?

"கிரிப் சூப்பர் சார், தரையோட ஒட்டிக்கும்" என்பார் கடைக்காரர். எனக்கு அங்கேதான் பயம். ஒட்டிக்கொண்டு விடாத ஷூவும் ஆபத்துதான். உடம்பு திரும்பி, பாதம் திரும்பாவிட்டால் முறுக்கு முழுவதும் முட்டிக்குப் போகும். நிற்கும்போது பிடிக்கவும் வேண்டும், சுழலும்போது விடவும் வேண்டும். மீன்முள் போல வளைந்து வளைந்து ஓடும் ஹெரிங்போன் சோல் இந்த இரண்டையும் செய்கிறது. வரிகளின் இடுக்கில் புகும் மணல் அடுத்த எட்டிலேயே உதிர்ந்துவிடும். களிமண் டென்னிஸ் கோர்ட்டுக்கு வந்த அமைப்பு இது. அதனால் க்ளே கோர்ட் டென்னிஸ் ஷூ ஒன்று வீட்டில் இருந்தால், உதாரணமாக ஆசிக்ஸ் ஜெல் ரெசல்யூஷனின் க்ளே மாடல், தாராளமாகப் பேடலுக்குப் போடலாம். சின்னச் சின்னப் புள்ளிகள் நிறைந்த ஆம்னி சோலும் உண்டு. மணல் குறைவான கோர்ட்டுக்கு அது பொருந்தும். இரண்டையும் கலந்தும் செய்கிறார்கள். ஆகவே கடைக்குப் போகுமுன் நீங்கள் வழக்கமாக ஆடும் கோர்ட்டைக் குனிந்து ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள்.

ஷூவைக் கையில் எடுத்துத் துணி பிழிவது போல முறுக்குங்கள். சுலபமாக முறுக்கிக்கொண்டால் வைத்துவிடலாம். முன்பாதம் மடங்கும் இடத்தில் மட்டும்தான் வளைய வேண்டும், நட்ட நடுவில் அல்ல. குதிகாலைச் சுற்றிய பகுதியை விரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது. பெருவிரல் பக்கம் ரப்பர் மேலேறியிருக்கிறதா என்று பாருங்கள். தாழ்ந்த பந்துக்குக் காலை இழுக்கும்போது முதலில் தேய்வது அதுதான். முன்பாதம் அகலமானவர்கள் இறுக்கமான மாடலை "போகப் போக லூஸ் ஆகிடும்" என்று நம்பி வாங்க வேண்டாம். விளையாடப் போடும் அதே சாக்ஸோடு, பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும் சாயங்காலத்தில் போட்டுப் பாருங்கள்.

டெகாத்லானின் குய்க்மா போன்றவை கைக்கு அடக்கமான விலை. பெரிய பிராண்டுகளில் சில பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும். மாதம் இரண்டு முறை ஆடுகிறவருக்கு முதலாவதே போதும். ஆனால் ஒன்று: கையில் இருக்கும் பணத்துக்கு மட்டையா ஷூவா என்று வந்தால் ஷூதான். மட்டையை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

வாங்கிய பிறகு கெடுப்பது நம் ஊர்த் தெருதான். செப்டம்பர், அக்டோபர் மழையில் மார்க்கெட் பக்கச் சேற்றை மிதித்து, அதே ஷூவோடு கோர்ட்டில் ஏறுகிறார்கள். ஈரமண் வரிகளை அடைத்துவிட்டால் எந்தச் சோலும் ஒன்றுதான். தார் ரோடு அந்த வரிகளை வேகமாகத் தேய்க்கவும் செய்யும். செருப்பில் போங்கள், ஷூவைப் பையில் கொண்டுபோய் அங்கே மாற்றிக்கொள்ளுங்கள். நனைந்தால் வெயிலில் வைக்காதீர்கள், பசை விட்டுவிடும். அப்படி விட்டுப்போனால் தெருமுனையில் செருப்பு தைப்பவரிடம் கொடுத்து ஒட்டிப் பக்கத் தையலும் போட்டுக்கொள்ளலாம். கொஞ்ச நாள் தாங்கும். பெருவிரல் அடியில் வரிகள் மழுங்கி வழவழவென்று ஆகிவிட்டால் தையலுக்கும் வேலையில்லை. அதை நடைப்பயிற்சிக்கு வைத்துக்கொண்டு வேறு ஜோடி பாருங்கள்.