கதவு திறக்கிறது, மொழி மறிக்கிறது!

வில்லாபுரத்திலே ஒரு நெசவாளத் தோழர். தறியிலே குனிந்து உழைத்த காசில் ஆயுள் காப்பீடு எடுத்தவர் என்று வைத்துக்கொள்வோம். 2024 நவம்பர் 19. மகனை அழைத்து, கைப்பேசியில் எல்.ஐ.சி. இணையதளத்தைத் திறக்கச் சொல்கிறார். திறக்கிறது. என்ன காண்கிறார்? முகப்பெல்லாம் இந்தி! மொழியை மாற்றும் பொத்தானும் இந்தியிலே! உழைத்தது தமிழன் கை; உட்கார்ந்திருப்பதோ இந்தி!

மு.க. ஸ்டாலின் கண்டித்தார், எடப்பாடி பழனிசாமியும் கண்டித்தார். 'தொழில்நுட்பக் கோளாறு' என்றது நிறுவனம். சரிசெய்தோம் என்றும் சொல்லிற்று. கோளாறாகவே இருக்கட்டும், தோழர்களே! ஆனால் ஒன்று கேட்கிறேன்: அந்தக் கோளாறு ஒருநாளேனும் தவறித் தமிழின் பக்கம் சாய்ந்ததுண்டா?

இணையதளம் என்பது விளம்பரப் பலகையல்ல. மனு அங்கே, ரசீது அங்கே, வேலைக்கு விண்ணப்பம் அங்கே. அதுதான் இன்றைய சர்க்கார் அலுவலகம். அதன் வாசலில் புரியாத மொழியை நிறுத்துவது, ஏழையை வாசலிலேயே நிறுத்துவதாகும்.

நாம் கேட்பது சலுகையா? இல்லை, சட்டம்! 1963 ஆட்சிமொழிச் சட்டமும் 1967 திருத்தமும் ஆங்கிலம் நீடிக்க வழி செய்தன. 1976 ஆட்சிமொழி விதிகளோ, தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுமைக்கும் என்றே தொடங்குகின்றன. அந்த 'நீங்கலாக' எவரும் போட்ட பிச்சையல்ல. 1965 சனவரி 25இல் மதுரை வீதியில் ஊர்வலம் வந்த மாணவரும், அதன்பின் தமிழகமெங்கும் உயிர் கொடுத்தோரும் எழுதிய சொல்!

அதே மதுரையின் நாடாளுமன்ற உறுப்பினர் சு. வெங்கடேசன் 2020இல் ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார். உள்துறையிலிருந்து இந்தியில் மறுமொழி வந்தது. வழக்குத் தொடுத்தார். ஆங்கில மனுவுக்கு ஆங்கிலத்திலேயே மறுமொழி தரவேண்டுமென 2021 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது உயர்நீதிமன்ற மதுரைக் கிளை. எம்.பி. ஒருவருக்கே வழக்கு மன்றம் போனால்தான் நீதியென்றால், மூட்டை தூக்கும் தோழருக்கு?

ஆங்கிலம்தான் இருக்கிறதே என்பார் சிலர். இருக்கட்டும், இந்தியைத் தடுக்க அது உதவியது. ஆனால் தறிக்காரர் படிப்பது தமிழ்! சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் தரச்சொன்னது டில்லி உயர்நீதிமன்றம், 2020இல். வரைவுக்கு முடியுமென்றால் விண்ணப்பப் படிவத்துக்கு ஏன் முடியாது?

நம் வீட்டையும் பார்ப்போம். தமிழே ஆட்சிமொழி என்ற சட்டம் 1956இலேயே வந்துவிட்டது. மாநில அரசின் இணையப் பக்கம் எதுவாயினும், அதிலே ஒரு வரி ஆங்கிலத்தில் மட்டும் நின்றால் அதையும் தட்டிக் கேட்பதே நேர்மை.

தோழர்களே! குறை தீர்க்கும் மனுவை மாநிலத்தில் வழங்கும் மொழியிலேயே தரலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 350ஆவது பிரிவு. தயங்காதீர்கள். கிளைக்கு ஒருவர் உட்காருங்கள்; எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுங்கள். ஒரு மனுவைத் தூக்கி எறியலாம். ஊரே தமிழில் எழுதினால் எங்கே எறிவார்கள்?