விரிவுரை மண்டபத்துக்கு வெளியே நடக்கும் படிப்பு

“பெரும்போக அரிவி வெட்டுக்கு மகள் வருவாள் என்று பார்த்திருந்தோம். ஏதோ போட்டியாம், வர முடியாதாம். படிக்கப் போனவளுக்கு என்ன போட்டி?” குத்தகைக் காணியில் வயல் செய்யும் இடம்பெயர்ந்த தாயொருவர் எம்மிடம் இப்படிக் கேட்டார். மகள் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறாள். தாயின் கேள்வி நியாயமானதே. கூலிக்கு ஆள் பிடிப்பதென்றால் காசு வேண்டும். ஆனால் மகளின் பதிலிலும் நியாயம் உண்டு. அதனை விளக்கவே இக்கட்டுரை.

சட்டம் புத்தகத்தில் மட்டும் இருப்பதில்லை. சட்டம் கற்கும் மாணவர் ‘மூட்’ எனப்படும் மாதிரி நீதிமன்றத்தில் பங்குபற்றுவர். கற்பனையான ஒரு வழக்கு கொடுக்கப்படும். சட்ட நூல்களையும் பழைய தீர்ப்புகளையும் தேடி எழுத்துமூல வாதத்தைத் தயாரிக்க வேண்டும். பின்னர் நீதிபதியாக அமர்ந்திருப்பவர் முன் எழுந்து நின்று, அவர் குறுக்கிட்டுக் கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். இன்று வழக்காளிக்காகப் பேசியவர் நாளை எதிராளிக்காகவும் பேசுவார். 1960இல் ஆரம்பமான ஜெசப் சர்வதேசப் போட்டி இவ்வகையைச் சேர்ந்தது. கிராமத்தில் நாலு பேர் முன் பேசக் கூசிய பிள்ளைக்கு இப்பயிற்சி தரும் துணிவை எந்த விரிவுரையும் தராது.

அடுத்தது சட்ட உதவிப் பணி. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு, வருமானம் குறைந்தோருக்கு உதவி செய்கிறது. இத்தகைய அலுவலகங்களிலும் நடமாடும் சேவைகளிலும் ஒத்தாசை புரியும் மாணவர், உறுதி தொலைந்தவரின் கதையையும் பிறப்புச் சான்றிதழ் இல்லாதவரின் கதையையும் பொறுமையாகக் கேட்டு எழுதப் பழகுவர்.

அரசறிவியல் கற்போருக்குக் கள ஆய்வே பெரிய பள்ளிக்கூடம். சிறப்புப் பட்டம் பெறுவோர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். மீள்குடியேற்றம், பிரதேச சபை, காணிப் பிணக்கு என்று எமது வாழ்வே அவர்களின் ஆய்வுப் பொருளாகலாம். விவாதக் கழகமும் மாணவர் ஒன்றியமும் கூட்டம் நடத்தவும் மாற்றுக் கருத்தைப் பொறுக்கவும் கற்பிக்கின்றன. பட்டம் பெற்றபின் நிர்வாக சேவைப் போட்டிப் பரீட்சைக்கும் தோற்றலாம்.

இதனால் எமக்கு என்ன பயன்?

ஓர் உதாரணம் சொல்வோம். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, பிறருடைய தனியார் காணியை உரியவரின் உரித்தை ஏற்காமல், தடையின்றிப் பத்து ஆண்டுகள் ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம். போரினால் ஓடிய குடும்பம் பத்து ஆண்டுகளுக்குள் திரும்பாவிட்டால் அதன் கதி என்ன? இதற்காகவே 2016இல் 5ஆம் இலக்கச் சிறப்பேற்பாட்டுச் சட்டம் வந்தது. 1983 மே முதல் 2009 மே வரை போர்ச் சூழலால் தம் உரிமையைக் கோர முடியாதிருந்தோர் வழக்குத் தொடர அது வழி செய்தது. ஆனால் அவ்வழி குறிப்பிட்ட காலத்துக்கே திறந்திருந்தது. சட்டம் தெரிந்த ஒருவர் இல்லாத ஊருக்கு, அப்படியொரு கதவு திறந்ததும் தெரியாது, மூடியதும் தெரியாது.

பெற்றோர் கவனத்துக்கு

கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களில் சட்டப் பட்டப்படிப்பு நான்கு ஆண்டுகள். அரச பல்கலைக்கழகங்களில் உள்வாரி மாணவருக்குக் கற்பித்தற் கட்டணம் இல்லை. 1981இல் தொடங்கிய மகாபொல புலமைப்பரிசிலுக்கும் தகுதியுடையோர் விண்ணப்பிக்கலாம். பல்கலைக்கழக இடம் கிடைக்காதோர் சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை எழுதலாம். வேலை செய்துகொண்டு படிக்க விரும்புவோருக்குத் திறந்த பல்கலைக்கழகம் உண்டு. இவ்விரண்டுக்கும் கட்டணம் செலுத்த வேண்டும். பட்டம் பெற்றாலும் சட்டத்தரணியாவதற்குச் சட்டக் கல்லூரிப் பரீட்சைகளில் சித்தியடைந்து, மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் பயிற்சியும் பெற வேண்டும்.

சாதாரண தர வகுப்பிலேயே ஆங்கிலத்தைக் கவனிக்கச் செய்யுங்கள்; சட்ட நூல்களும் தீர்ப்புகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. சிங்களமும் தெரிந்தால் நல்லது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலை ஒவ்வோர் ஆண்டும் பாருங்கள். சான்றிதழ்களின் பிரதிகளை வேறோர் இடத்திலும் வைத்திருங்கள். இடம்பெயர்ந்த எமக்கு இதன் அருமை தெரியும்.

பிள்ளைக்கும் ஒரு சொல். எல்லாக் கழகத்திலும் சேர்ந்து படிப்பைக் கோட்டை விடாதீர்கள். ஆண்டுக்கு ஒன்றிரண்டைத் தேர்ந்து நன்றாகச் செய்யுங்கள். போட்டித் தேதி தெரிந்தவுடன் வீட்டுக்கு அறிவியுங்கள். அம்மா கூலியாளை முன்கூட்டியே பேசிக்கொள்வார்.

அந்தத் தாயிடமும் இதையே சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்தவர், “அப்ப வெட்டை நாங்கள் பாத்துக்கொள்ளுறம். அவள் பேசிப் பழகட்டும். எங்கட காணிக்கும் ஒருநாள் அவள்தானே பேசவேணும்” என்றார்.