அடிக்கடி வயிறு நின்றுபோகும் முயல்
(பண்ணை வானொலி உரை)



முயல் என்றால் இறைச்சி, குட்டி விற்பனை, வருமானம் என்றுதான் வழக்கமாகப் பேசுவோம். இன்றைக்கு வேறு விஷயம். வீட்டில் பிள்ளைகள் ஆசையாக வளர்க்கிற ஒற்றை முயலுக்கு அடிக்கடி வயிறு கெட்டுப்போனால் என்ன செய்வது என்று பார்க்கலாம்.

எங்கள் வீட்டிலேயே அப்படி ஒரு முயல் இருக்கிறது. இரண்டு கிலோ எடை, வெள்ளை முயல். ஒரே வருஷத்தில் நான்கு தடவை தீனியை விட்டது. முதல் தடவை என் மகள், "அப்பா, முயல் மூலையிலேயே குந்தியிருக்கு, ராத்திரி பூரா புழுக்கையே போடல" என்றாள். "வெயில் ஜாஸ்திம்மா, நாளைக்குச் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு நான் அலுவலகம் போய்விட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால் காது சில்லிட்டு, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு கிடந்தது. ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிறவன் வீட்டில் இப்படி. கால்நடை மருத்துவர் அன்றிரவு காப்பாற்றிக் கொடுத்தார். அன்றைக்குத்தான் முயலின் வயிற்றைப் பற்றி ஒழுங்காகப் படித்தேன்.

மாட்டுக்குத் தீனி நொதிக்கிற அறை முன்னால் இருக்கிறது, முயலுக்குப் பின்னால். சிறுகுடலும் பெருங்குடலும் சேருகிற இடத்தில் ஒரு பெரிய பை உண்டு. அதில் உள்ள நுண்ணுயிர்கள்தான் புல்லைச் சத்தாக மாற்றுகின்றன. அந்தச் சத்து, சின்னத் திராட்சைக் கொத்து மாதிரி மெத்தென்ற புழுக்கையாக வெளிவரும். முயல் அதை ஆசனவாயிலிருந்தே வாயில் வாங்கித் தின்றுவிடும். அசிங்கம் என்று விரட்டாதீர்கள். புரதமும் பி வைட்டமினும் அதில் கிடைக்கின்றன. நாம் கூண்டில் பார்க்கிற உருண்டையான கெட்டிப் புழுக்கை வேறு.

இந்தக் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஓட வைப்பது நார். நார் குறைந்து மாவும் சர்க்கரையும் கூடினால் வேண்டாத கிருமி பெருகும், வாயு சேரும். வாயுவினால் வலி. வலியினால் தீனி எடுக்காது. தீனி எடுக்காததால் குடல் இன்னும் நிற்கும். செக்கு மாடு மாதிரி இது சுற்றிக்கொண்டே இருக்கும். முயலுக்கு வாந்தி எடுக்கவும் வராது. அதனால்தான் அரை நாள் தீனி எடுக்கவில்லை, புழுக்கை போடவில்லை என்றால் அவசரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று நான் சொன்னது பெரிய தவறு.

சரி, என்ன கொடுப்பது? தீனியில் முக்கால் பங்குக்கு மேல் புல்லாகவே இருக்கட்டும். கொழுக்கட்டைப் புல், அருகம்புல் எது கிடைத்தாலும் பூஞ்சணம் பிடிக்காமல் உலர்த்தி, இரவும் பகலும் கூண்டில் வையுங்கள். அறுத்த பச்சைப் புல்லைக் குவித்து வைத்துச் சூடேறிய பிறகு போடாதீர்கள், வயிறு உப்பும். கலப்புத் தீவனம் ஒரு கிலோ எடைக்குத் தினம் 20 முதல் 25 கிராம் போதும். கேரட் விரல் நுனி அளவு. பிஸ்கட், சோறு, ரொட்டி கூடவே கூடாது. பிள்ளைகள் ஒளித்து ஒளித்துக் கொடுப்பது இதைத்தான்! எந்தத் தீனியையும் திடீரென்று மாற்றாமல் ஏழெட்டு நாளில் சிறிது சிறிதாக மாற்றுங்கள். மெத்தென்ற புழுக்கையைத் தின்னாமல் விட்டு, பின்பக்கம் அப்பிக் கிடந்தால் தவிடும் தீவனமும் அதிகம் என்று அர்த்தம். ஈ மொய்த்துப் புழு வைக்குமுன் துடைத்துவிடுங்கள்.

வெயிலையும் மறக்கக் கூடாது. கொடைக்கானல் மலையில் மன்னவனூர் மத்திய ஆராய்ச்சி மையத்தில் வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா இன முயல்களை வளர்க்கிறார்கள். அது குளிர்ந்த ஊர். நம் சமவெளியில் 30 டிகிரியைத் தாண்டினாலே முயல் தவிக்கும், தீனி குறையும், குடல் மந்தமாகும். கூண்டை நிழலில் வைத்து, பக்கத்தில் ஈரச் சாக்கு கட்டி, தண்ணீரைக் கிண்ணத்தில் நிறைய வையுங்கள்.

தீனியை விட்ட முயலின் வயிறு கல் மாதிரி உப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். உள்ளே அடைப்பு இருக்கலாம். அடைப்பில்லை என்று அவர் சொன்ன பிறகு, தீவனக் குச்சியைத் தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில், கிலோவுக்கு 10 மில்லி வீதம் தினம் நான்கைந்து தடவை கொடுக்கலாம். மல்லாக்கப் போடாமல் உட்கார வைத்து, கடைவாய் ஓரமாகச் சிறிது சிறிதாக விடுங்கள். உடம்பு சில்லிட்டிருந்தால் துணி சுற்றிக் கதகதப்பாக வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வீட்டில் மிச்சமிருக்கிற அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின் மாத்திரையைக் கரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். நமக்கு நோய் தீர்க்கிற அந்த மருந்து, வாய்வழி போனால் முயலின் நல்ல நுண்ணுயிர்களைக் கொன்று உயிரையே வாங்கிவிடும். விளக்கெண்ணெயும் வேண்டாம்.

இவ்வளவு செய்தும் எங்கள் முயலுக்கு நோய் திரும்பத் திரும்ப வந்தது. "புல்லை மோந்து பார்த்துட்டு விட்டுடுதுப்பா, தீவனம் மட்டும் திங்குது. தாடையும் ஈரமாயிருக்கு" என்று மகள் சொன்னாள். நான்காம் தடவை அதை மருத்துவரிடம் சொன்னோம். அவர் வாய்க்குள் விளக்கு அடித்துப் பார்த்தார். கடைவாய்ப் பல் ஒன்று முள்ளாக வளர்ந்து நாக்கைக் கிழித்திருந்தது. முயலின் பல் ஆயுள் முழுக்க வளரும். புல்லை அரைத்து அரைத்துத்தான் தேய வேண்டும். நாங்கள் முதலில் கொடுத்த பிஸ்கட்டும் தவிடும் பல்லைத் தேய்க்கவில்லை. பல் குத்தியதால் புல் தின்னவில்லை. புல் இல்லாததால் குடல் நின்றது. வயிற்றுக்கே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தோம், வியாதியின் வேர் வாயில் இருந்தது.

ஆகவே நேயர்களே, வயிறு அடிக்கடி நின்றால் காரணத்தைத் தேடுங்கள்: பல்லா, தீனியா, வெயிலா, வேறு வலியா? தினம் காலையில் புழுக்கையைப் பாருங்கள். அளவு சிறுத்தாலோ எண்ணிக்கை குறைந்தாலோ அதுதான் முதல் அறிவிப்பு. வாரம் ஒரு முறை தராசில் எடை போட்டு எழுதி வையுங்கள்.

எங்கள் முயலின் பல்லைச் சில மாதங்களுக்கு ஒரு முறை தேய்த்துவிட வேண்டியிருக்கிறது. முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் காலையில் எழுந்ததும் என் மகள் கூண்டுக்குக் கீழே குனிந்து பார்த்து, "இன்னிக்கு நல்லா போட்டிருக்குப்பா" என்கிறாள். அதைக் கேட்ட பிறகுதான் நான் அலுவலகம் கிளம்புகிறேன்.