புத்தகம் எடுத்துக் கொடுத்தவர்கள் – 11: முந்நூறு படித்துவிட்டு வா!

கப்பன் பூங்காவின் சிவப்புக் கட்டடத்தைப் பார்க்காத பெங்களூர்க்காரர் இருக்க முடியாது. மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் நினைவாகக் கட்டிய மண்டபம், இன்று மாநில மத்திய நூலகம். அதே பூங்காவில் குழந்தைகளுக்கென்று ஒரு நூலகமும் உண்டு. நாலாம் வகுப்புப் பிள்ளைக்குச் சித்திரக் கதை இருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் அண்ணனுக்கு மேசையும் மின்விசிறியும் இருக்கின்றன. நடுவில் பதினான்கு வயதில் ஒருவன் நிற்கிறானே, அவனுக்கு எந்த அலமாரி? பெங்களூர் என்றில்லை, நம் ஊர்க் கிளை நூலகங்களிலும் இதே கேள்விதான். சிறுவர் பகுதிக்குப் போனால் தம்பி தங்கைகள் கேலி செய்வார்கள். பெரியவர்கள் பகுதிக்குப் போனால் "உனக்கு இங்கே என்ன வேலை?" என்பார்கள். அந்த இடைவெளியில்தான் பலர் வாசிப்பை விட்டுவிடுகிறார்கள்.

சென்ற வாரம் 1931-இல் மன்னார்குடியில் புறப்பட்ட மாட்டுவண்டி நூலகத்தோடு நிறுத்தியிருந்தோம். அந்த முயற்சிக்கு ஊக்கம் தந்த சீர்காழி எஸ்.ஆர்.ரங்கநாதன், தன் கடைசிக் காலத்தைக் கழித்தது பெங்களூரில்தான். 1962-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ் ஆவணவியல் ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தை இங்கே தொடங்கினார். 1972 செப்டம்பரில் இங்கேயே மறைந்தார்.

இவ்வளவு பெரிய நூலகர், ஆரம்பத்தில் அந்த வேலையை விட்டு ஓடப் பார்த்தவர் என்பது எனக்குப் பிடித்த செய்தி. கணித ஆசிரியராக இருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். வகுப்பு நிறைய மாணவர்களோடு பேசிப் பழகியவருக்கு அந்தத் தனிமை ஒத்துவரவில்லை. சில நாட்களிலேயே பழைய வேலைக்குத் திரும்பக் கேட்டார். லண்டன் போய் நூலகப் பயிற்சி பெற்று வா, அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தார்கள். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் பெர்விக் சேயர்ஸ். நூல்களை வகைப்படுத்துவதில் மேதை என்றுதான் சேயர்ஸை எல்லாரும் சொல்வார்கள். அவர் குராய்டன் நகரப் பொது நூலகத்தின் தலைவர் என்பதும், குழந்தைகள் நூலகம் பற்றித் தனிப் புத்தகமே எழுதியவர் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில், வாசகருக்கு அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாவது. நூலுக்கு அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது மூன்றாவது. பதின்வயதுக்காரர்கள் விஷயத்தில் மூன்றாம் விதிதான் கடினமானது. பெரியவர்கள் வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். சின்னக் குழந்தைக்கு அம்மா எடுத்துக் கொடுப்பாள். பதினைந்து வயதுப் பிள்ளை கேட்கவும் மாட்டான், கொடுத்தால் உடனே வாங்கவும் மாட்டான். புத்தகம்தான் அவனைத் தேடிப் போக வேண்டும். அதற்கு ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் எப்படி இருக்க வேண்டும் என்று காட்டியவர், அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தின் ஈனக் பிராட் நூலகத்தில் 1930களில் வேலைக்குச் சேர்ந்த மார்கரெட் எட்வர்ட்ஸ். இளையோர் பிரிவை அவர் கையில் கொடுத்தார்கள். தன்னிடம் உதவியாளராக வருகிறவர்களுக்கு அவர் வைத்த நிபந்தனை பயங்கரமானது: முந்நூறு புத்தகங்களைப் படித்து, ஒவ்வொன்றைப் பற்றியும் அவரிடம் பேசிக் காட்ட வேண்டும். பட்டியலும் அட்டைகளும் அப்புறம். தான் படித்து ரசிக்காத புத்தகத்தைப் பிள்ளையிடம் விற்க முடியாது என்பது அவர் கட்சி. போர்க்காலத்தில் குதிரை வண்டி பிடித்து, ஏழைகள் வாழும் தெருக்களுக்குப் புத்தகம் கொண்டுபோயிருக்கிறார். நம் மன்னார்குடி வண்டியை அவர் கேள்விப்பட்டிருக்க வழியில்லை.

நம் நூலகர்களிடம் முந்நூறு கேட்டால் அடிக்க வருவார்கள். பாதிப் பேருக்குக் கணக்கு எழுதவும் இருப்புச் சரிபார்க்கவுமே நேரம் போகிறது. முப்பது கேட்கலாம், அது நியாயம்தான். என் முப்பதில் சிலவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன். பெங்களூரில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளை மனதில் வைத்துச் சொல்வது.

முதலில் சுஜாதா. பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இந்த ஊரில் பல ஆண்டுகள் இருந்தவர். வாக்குப்பதிவு இயந்திர வேலையில் பங்கு உள்ளவர். அவருடைய 'என் இனிய இயந்திரா' 2021-ஐக் கற்பனை செய்தது. எல்லாருக்கும் இரண்டெழுத்துப் பெயர், எங்கும் அரசாங்கத்தின் கண். அந்த ஆண்டு வந்தும் போய்விட்டது. எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று சரிபார்க்கிற சுகமே இன்றைய பிள்ளையை உள்ளே இழுத்துவிடும். ஜீனோ என்ற இயந்திர நாய் வேறு இருக்கிறது. அதுவும் புத்தகம் படிக்கிற நாய். 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' பதினாறு வயதுக்கு மேல்.

பள்ளியில் கன்னடம் படிக்கிறவர்களுக்குப் பூர்ணசந்திர தேஜஸ்வியின் 'கர்வாலோ'. 1980-இல் வந்தது. ஒரு விஞ்ஞானி, ஒரு தேனீக்காரப் பையன், ஒரு நாய், இன்னும் சிலர் சேர்ந்துகொண்டு பறக்கும் ஓணானைத் தேடி மலைக்காட்டுக்குள் போகிறார்கள். முடிவைச் சொல்ல மாட்டேன். அறிவியலை இவ்வளவு சிரிப்போடு சொன்ன நாவல் நம்மிடம் குறைவு.

ஆங்கிலத்தில் ஆர்.கே.நாராயணின் 'சுவாமியும் நண்பர்களும்' எல்லாருக்கும் தெரியும். 1930-இல் பெங்களூரில், பாட்டி பார்த்துக் கொடுத்த நல்ல நாளில் அதைத் தொடங்கினார் என்பதைச் சொல்லிக் கொடுங்கள். ரஸ்கின் பாண்ட் 'கூரை மேல் ஓர் அறை'யை எழுதும்போது அவரே பதின்வயதுக்காரர். பதிமூன்றாவது பிறந்தநாளில் நாட்குறிப்பு கைக்கு வந்த ஆன் ஃபிராங்க்கைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தமிழில் இப்போது 'இளையோர் நாவல்' என்று போட்டே புத்தகங்கள் வருகின்றன. கீழடியை வைத்து உதயசங்கர் எழுதிய 'ஆதனின் பொம்மை'க்கு 2023-இல் பால சாகித்ய புரஸ்கார் கிடைத்தது. பாமாவின் 'கருக்கு' பதினேழு வயதில் படிக்க வேண்டியது. அந்த வயதில் ஊரை முதல்முறை உற்றுப் பார்க்கிறோம். சாதி எப்படி ஒரு சிறுமியின் மேல் இறங்குகிறது என்பதை அப்போது காட்டாமல் எப்போது காட்டுவது? இது வேண்டாமே என்று முகம் சுளிக்கும் பெற்றோர் உண்டு. அவர்கள் முதலில் படித்துவிட்டுப் பேசட்டும்.

கர்நாடகம் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. 2020-இல் 'ஓதுவ பெளகு' என்ற பெயரில், ஆறு முதல் பதினெட்டு வயது வரை உள்ளவர்களைக் கிராமப் பஞ்சாயத்து நூலகங்களில் கட்டணமில்லாமல் உறுப்பினராக்கியது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்கள். பதினெட்டு வரை என்று வரையறுத்ததில்தான் எனக்கு மகிழ்ச்சி. அந்த நூலகங்களில் உட்கார்ந்திருக்கும் ஆண்களும் பெண்களும் வாரத்துக்கு ஒரு புத்தகம் படித்தால், ஆறு ஆண்டுகளில் எட்வர்ட்ஸின் கணக்கைத் தொட்டுவிடுவார்கள்.

அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் இன்னொரு சிக்கல். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு எழுத்துத் தெரியாது. அல்சூர் ஏரிப் பக்கம் தமிழ்ச் சங்கத்தில் கற்றுத் தருகிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் வேகத்தில் நாவல் படிக்க முடியாது. அதுவரை அப்பாவோ அத்தையோ வாசித்துக் காட்டட்டும், ஒரு ராத்திரிக்குப் பத்துப் பக்கம். ஜீனோ வாயைத் திறக்கும் கட்டம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்கப் போங்கள். மறுநாள் மிச்சத்தைக் கேட்டு வருகிறார்களா என்று பாருங்கள்.