அழைக்கும் குரல்: அமெரிக்கப் படைச்சேர்ப்பு வானொலி இசைத்தட்டுகளும் அவற்றின் மொழியும்

முன்னுரை

மொழியை ஆராய்வோர் ஓலைச்சுவடியையும் கல்வெட்டையும் அச்சு நூலையும் சான்றாகக் கொள்வது நெடுநாளைய மரபு. ஒலிப்பதிவு தோன்றிய பின்னர்ப் பேச்சும் சான்றாயிற்று. ஆயினும் ஒலிப்பதிவுகளைத் திரட்டுவோர் பெரும்பாலும் விற்பனைக்கு வந்த பாடல் தட்டுகளையே நாடினர். சில முறை ஒலிபரப்பிவிட்டு எறிந்துவிடுவதற்கென்றே வார்க்கப்பட்ட தட்டுகளைத் தேடியோர் மிகச் சிலர். அவ்வாறு எறியப்பட்டவற்றுள் ஒருவகை, அமெரிக்கப் படைத்துறைகள் ஆள் சேர்ப்பதற்காக வானொலி நிலையங்களுக்கு அனுப்பிய நிகழ்ச்சித் தட்டுகளாகும். ஒரு மொழியியலாளர் இவற்றை ஏன் திரட்ட வேண்டும், எவ்வாறு இனங்காண வேண்டும், இவற்றிலிருந்து மொழி மாணவர் எதனைக் கற்கலாம் என்னும் மூன்று வினாக்களுக்கு இக்கட்டுரை விடை கூற முயல்கிறது.

யாம் இத்துறைக்கு இசை ஆர்வத்தால் வரவில்லை. கேட்பவரை முன்னிலைப்படுத்திப் பேசும் பேச்சில் ஏவலும் வேண்டுகோளும் எவ்வாறு அமைகின்றன என்னும் ஆய்வே எம்மை இத்தட்டுகளிடம் கொண்டுவந்தது. இன்று எம்மிடம் உள்ளவை நாற்பதுக்கும் குறைவு. எண்ணிக்கை சிறிதாயினும் கேட்கக் கேட்கப் பொருள் விரிகிறது.

சட்டம் இருக்க அழைப்பு எதற்கு?

அமெரிக்காவில் கட்டாயப் படைச்சேவைச் சட்டம் 1940-இல் நடப்புக்கு வந்தது. போருக்குப் பின் 1947-இல் அது காலாவதியாகி, 1948-இல் புதிய சட்டமாக மீண்டது. 1973 வரை நீடித்தது. சட்டத்தால் இளைஞரை அழைக்க இயலும்போது பாட்டும் நாடகமும் கொண்டு அழைப்பானேன் என்னும் ஐயம் எழுவது இயல்பே.

விடை மிக எளிது. கட்டாயச் சேவையில் வந்தோர் பெரும்பாலும் தரைப்படைக்கே சென்றனர். இரண்டாண்டு முடிந்ததும் வீடு திரும்பினர். வான்படையும் கடற்படையும் தாமாக முன்வருவோரையே பெரிதும் நம்பியிருந்தன. அவர்களை நெடுங்காலப் பயிற்சியளித்து வைத்துக்கொள்ள விரும்பின. தரைப்படைக்கும் நீண்ட காலம் தங்கும் தொழில்முறை வீரர் தேவைப்பட்டனர். ஆகவே அழைப்பின் உட்பொருள், 'உன்னைத் தேர்ந்தெடுக்குமுன் நீயே தேர்ந்தெடு' என்பதாக அமைந்தது. பின்னால் நின்ற சட்டத்தின் நிழலிலேயே முன்னால் நின்ற குரல் இனிமையாக ஒலித்தது. இதனை மறந்தால் இத்தட்டுகளின் மொழி விளங்காது.

நிகழ்ச்சிகள் சில

'பிரௌட்லி வீ ஹெயில்' என்பது அரைமணி நேர நாடகத் தொடர். தரைப்படையும் வான்படையும் ஆள் சேர்ப்புக்கென வழங்கிய இது 1940களின் பிற்பகுதியிலும் 1950களிலும் ஒலித்தது. 'கன்ட்ரி ஸ்டைல் யு.எஸ்.ஏ.' 1950களில் தரைப்படை வழங்கிய கால்மணி நேர நாட்டுப்புற இசை நிகழ்ச்சி. இதில் பாடியவருள் ஜானி கேஷும் ஒருவர். அவர் 1950 முதல் 1954 வரை வான்படையில் பணியாற்றி, ஜெர்மனியில் மோர்ஸ் செய்திகளைக் கேட்டுப் பதிவு செய்தவர். வான்படையிலிருந்து வந்தவர் தரைப்படைக்காகப் பாடியது சுவையான செய்தி. கடற்படைக்கு 'நேவி ஹோடவுன்', வான்படைக்கு 'கன்ட்ரி மியூசிக் டைம்' எனத் தனித்தனி நிகழ்ச்சிகள் இருந்தன.

இவற்றை ஒத்த தோற்றமுடைய வேறு சில தட்டுகளும் பழம்பொருள் கடைகளில் கலந்து கிடைக்கும். 'கெஸ்ட் ஸ்டார்' கருவூலத்துறையின் சேமிப்புப் பத்திரங்களுக்காக எழுந்தது. 'ஹியர்ஸ் டு வெட்டரன்ஸ்' முன்னாள் வீரர் நலனுக்கானது. 1943 முதல் 1949 வரை வெளிவந்த வி-டிஸ்க் தட்டுகள் ஏற்கெனவே படையில் இருந்தோர் கேட்டு மகிழ்வதற்கானவை. இவை மூன்றும் படைச்சேர்ப்பு நிகழ்ச்சிகள் ஆகா.

வானொலி நிலையங்கள் இந்நிகழ்ச்சிகளைப் பொதுநலச் சேவையாகக் கட்டணமின்றி ஒலிபரப்பின. 1934-ஆம் ஆண்டின் தகவல்தொடர்புச் சட்டப்படி உரிமம் பெற்ற நிலையம் பொதுநலன் கருதி இயங்க வேண்டும். படைத்துறை அஞ்சலில் அனுப்பிய தட்டு அக்கடமையையும் நிறைவேற்றியது. நிகழ்ச்சி நிரலில் இருந்த வெற்றிடத்தையும் நிரப்பியது.

தட்டின் அமைப்பு

தொடக்க காலத்துத் தட்டுகள் 16 அங்குல விட்டமுடையவை. இல்லங்களில் பழகிய கருவியில் இவை அடங்கா. நிமிடத்திற்கு 33⅓ சுற்று வீதம் சுழன்று, ஒரு பக்கத்திற்கு 15 நிமிடம் ஒலிக்கும். அதாவது ஒரு கால்மணி நிகழ்ச்சிக்குச் சரியாக 500 சுற்றுகள். அக்காலத்து விற்பனைத் தட்டு அரக்கினால் ஆனது, நிமிடத்திற்கு 78 சுற்று, உரத்த இரைச்சலுடையது. ஒலிபரப்புத் தட்டுகளோ வினைலில் வார்க்கப்பட்டன. இரைச்சல் குறைவு என்பதோடு, அஞ்சலில் அனுப்பும்போது எளிதில் உடையாது என்பதும் காரணம்.

இவ்வகைத் தட்டுகள் சிலவற்றில் ஊசியை உள்விளிம்பில் வைத்து வெளிநோக்கிச் செலுத்த வேண்டும். தட்டின் வெளிப்பகுதியில் ஒலி தெளிவாகவும் உட்பகுதியில் சற்று மங்கியும் இருக்கும். நீண்ட நிகழ்ச்சியில் ஒரு தட்டு உள்விளிம்பில் முடிந்து அடுத்தது வெளிவிளிம்பில் தொடங்கினால், ஒலியின் வேறுபாடு கேட்பவர் செவிக்குப் புலப்பட்டுவிடும். அதனைத் தவிர்க்கவே ஒன்றை வெளியிலிருந்தும் மற்றொன்றை உள்ளிருந்தும் தொடங்கினர். எங்கே தொடங்க வேண்டும் என்பது தட்டின் முகப்புச் சீட்டிலேயே அச்சாகியிருக்கும். 1950களின் பிற்பகுதியிலிருந்து 12 அங்குல நுண்தடத் தட்டுகள் இவற்றின் இடத்தைப் பிடித்தன.

காலத்தைக் கணித்தல்

பல தட்டுகளில் நிகழ்ச்சி எண் இருக்கும், ஆண்டு இராது. கல்வெட்டின் எழுத்தமைதி கொண்டு காலம் கணிப்பது போல இங்கும் அகச்சான்றுகளே துணை. வான்படை தரைப்படையிலிருந்து பிரிந்து தனித்துறையானது 1947 செப்டம்பரில். ஆகவே முகப்புச் சீட்டில் இரண்டும் தனித்தனிப் பெயராக வந்தால் அத்தட்டு அதற்கு முற்பட்டதாக இருத்தல் அரிது. முகவரியில் நகரப் பெயருக்குப் பின் ஓரிரு இலக்க எண் மட்டும் இருந்தால் 1943-க்கும் 1963-க்கும் இடைப்பட்டது எனக் கொள்ளலாம். ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1963-க்குப் பிற்பட்டது. உள்விளிம்பின் வெற்றிடத்தில் கீறப்பட்ட எழுத்தும் எண்ணும் வார்ப்பகத்தைக் காட்டிக்கொடுக்கும். 'இந்நாளுக்குப் பின் ஒலிபரப்பற்க' என்னும் குறிப்பு இருப்பின் வேறு சான்றே வேண்டா.

பேணுதலும் ஒரு பிழையும்

வினைல் தட்டை நிமிர்த்தி நிறுத்தி வைத்தல் வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வளையும். நம் நாட்டின் ஈரக் காற்றில் உறையின் தாளில் பூஞ்சை பிடித்துத் தட்டிற்கும் பரவும். பழைய அகன்ற தடத்திற்கு அகன்ற முனையுடைய ஊசியும், நுண்தடத்திற்கு நுண்ணிய ஊசியும் தேவை. மாற்றிப் பயன்படுத்தினால் ஒலி கெடுவதோடு தடமும் தேயும்.

இங்கு எம் பிழையொன்றைக் கூறுதல் பிறர்க்குப் பயன்படும். எம்மிடம் வந்தவற்றுள் ஒன்று வார்க்கப்பட்ட வினைல் அன்று. அலுமினியத் தகட்டின்மேல் லாக்கர் பூசி நேரடியாகத் தடம் வெட்டப்பட்ட தட்டு. அதன்மேல் வெண்மையாக ஏதோ படிந்திருந்தது. பூஞ்சை எனக் கருதி, ஆல்ககால் கலந்த நீர்மத்தால் துடைத்தோம். வெண்படிவம் போயிற்று, அதனோடு லாக்கர் பூச்சும் இளகித் தடங்கள் மழுங்கின. அவ்வெண்மை பூஞ்சை அன்று, பூச்சிலிருந்து காலப்போக்கில் கசியும் கொழுப்பு அமிலம் என்பதைப் பிறகே படித்தறிந்தோம். வார்ப்புத் தட்டுக்கு உடன்பிறப்புகள் பல உண்டு. நேரடியாக வெட்டிய தட்டு பெரும்பாலும் ஒன்றே ஒன்று. அதில் ஒரு பெண் அறிவிப்பாளரின் குரல் இருந்தது என்பதை மட்டும், துடைக்குமுன் ஒருமுறை கேட்டதனால் அறிவோம். அவர் கூறியதை யாம் எழுதி வைக்கவுமில்லை. அன்றுமுதல், இன்னதெனத் தெளியாத தட்டை முதலில் ஒலிப்படி எடுக்காமல் தொடுவதில்லை.

அழைப்பின் மொழி

இனி எம் துறைக்கு வருவோம். கால்மணி நிகழ்ச்சியில் மூன்று நான்கு பாடல்கள்; அவற்றினிடையே இரண்டு மூன்று அழைப்புகள். ஒவ்வோர் அழைப்பும் ஒரு நிமிட அளவினது. குரல் ஓங்குவதில்லை, பக்கத்து வீட்டார் வேலி அருகே நின்று பேசுவது போன்ற தொனி.

முதலாவது, முன்னிலை. ஆங்கிலத்தின் முன்னிலைச் சொல் ஒருமைக்கும் பன்மைக்கும் ஒன்றே. மதிப்பு வேறுபாடும் அதில் இல்லை. பல்லாயிரவரை நோக்கிப் பேசும் அறிவிப்பாளரின் சொல்லை ஒவ்வோர் இளைஞனும் தனக்கே கூறியதாகக் கேட்கிறான். தமிழில் பெயர்க்க முற்பட்டால் இவ்வசதி மறைகிறது. 'நீ' என்றால் அண்ணன் தம்பியிடம் பேசுவதாகும். 'நீங்கள்' என்றால் அலுவலர் பொதுமக்களிடம் பேசுவதாகும். இரண்டும் மூலத்தின் முழுப்பொருள் ஆகா.

இரண்டாவது, தன்மைப் பன்மை. தமிழில் 'நாம்' கேட்பவரை உளப்படுத்தும், 'நாங்கள்' விலக்கும். ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு இல்லை. அழைப்பின் தொடக்கத்தில் படையினரை மட்டும் குறித்த அச்சொல், முடிவில் கேட்பவரையும் தன்னுள் இழுத்துக்கொள்கிறது. சொல் மாறவில்லை, பொருள் மாறிவிட்டது. எந்த வாக்கியத்தில் 'நாங்கள்' முடிந்து 'நாம்' தொடங்குகிறது என்று தேடுவோர், இளைஞன் எந்த இடத்தில் படையில் சேர்க்கப்பட்டான் என்பதைக் கண்டுகொள்வர்.

மூன்றாவது, ஏவல். 'சேர்' என்னும் நேரடி ஏவல் மிக அரிதாகவே வருகிறது. 'சென்று பாருங்கள்', 'கேட்டறியுங்கள்', 'தேர்ந்தெடுங்கள்' என்பன போன்ற சிறுசிறு ஏவல்களே மிகுதி. பெரிய முடிவொன்று எளிதிற் செய்யத்தக்க சிறு செயல்களாகப் பகுக்கப்படுகிறது.

நான்காவது, கூறாமை. யாம் கேட்ட அழைப்புகளில் தொழிற்பயிற்சி வருகிறது, கல்வி வருகிறது, பயணம் வருகிறது, இருபதாண்டுப் பணிக்குப் பின் கிட்டும் ஓய்வூதியமும் வருகிறது. காயம், சாவு என்னும் சொற்கள் ஒருமுறையேனும் வரவில்லை. நன்னூலார் தகுதி வழக்கினுள் மங்கலத்தையும் இடக்கரடக்கலையும் வைத்தார். மங்கல வழக்கு 'செத்தார்' என்பதைத் 'துஞ்சினார்' என மாற்றும், செய்தியை மறைக்காது. இங்கு நிகழ்வது அதுவன்று. சொல் மாற்றப்படவில்லை, செய்தியே விடப்பட்டிருக்கிறது. இத்தட்டுகள் சுழன்ற காலத்தில் கொரியப் போரில் 36,000க்கு மேற்பட்ட அமெரிக்கரும் வியட்நாம் போரில் 58,000க்கு மேற்பட்ட அமெரிக்கரும் மாண்டனர். அந்நாடுகளின் மக்களுள் மாண்டோர் அதனினும் பன்மடங்கினர்.

வகுப்பறையில் ஒரு பயிற்சி

ஓர் அழைப்பை மாணவர் சிலருக்கு இசைத்து, தமிழில் பெயர்க்கச் சொன்னோம். ஒருவர் 'நீ' என எழுதினார். இருவர் 'நீங்கள்' என எழுதினர். ஏன் என்று கேட்டபோது 'நீ' என எழுதிய மாணவர் கூறினார்: "ஐயா, அவர் என்னோடு மட்டும் பேசுவது போல இருந்தது. பாட்டு முடிந்தபோது எனக்கே போய்ச் சேரலாமா என்று தோன்றிவிட்டது." வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அவருக்கு வயது பதினேழு. பெற்றோர் இசைவுடன் அமெரிக்கப் படையில் சேரத்தக்க வயதும் அதுவே. யாம் ஆண்டுக்கணக்கில் அட்டவணையிட்டு ஆராய்ந்த ஒன்றன் ஆற்றலை அம்மாணவர் ஒருமுறை கேட்டே கூறிவிட்டார்.

ஆசிரியர்கள் இப்பயிற்சிக்குப் பழைய தட்டையே தேட வேண்டுவதில்லை. எந்த அழைப்பையும், அது விளம்பரமாயினும் பரப்புரையாயினும், நான்கு வினாக்களால் சோதிக்கலாம். யாரை 'நீ' என்கிறது? எவ்விடத்தில் 'நாங்கள்' 'நாம்' ஆகிறது? எச்செயலைச் செய்யச் சொல்கிறது? எதனைக் கூறாது விடுகிறது?

முடிவுரை

படைச்சேவை தாழ்ந்தது என்பது எம் கருத்தன்று. சட்டப்படி இளைஞர் நாட்டுக்குச் சேவையாற்றும் சூழலை இப்பகுதியினர் நன்கறிவர். எம் கருத்து மொழியைப் பற்றியது. நல்ல குரலும் நல்ல பாடலும் கேட்பவரை ஒரு முடிவின் வாயில் வரை கொண்டு சேர்க்க வல்லவை. அம்முடிவைத் தாமே எண்ணி எடுப்பதற்குச் செவிப்பயிற்சி வேண்டும்.

இத்தட்டுகள் எறிவதற்கென்றே ஆனவை. ஆகவே பிற்காலத்தார் கேட்பர் என்னும் எண்ணமின்றிப் பேசியவை. அதுவே இவற்றின் சான்று மதிப்பு. நிலையங்கள் மூடப்படும்போதும் வீடுகள் ஒழிக்கப்படும்போதும் இவை இன்றும் குப்பைக்குப் போகின்றன. ஒன்று கையிற் கிடைப்பின் துடையாதீர், முதலில் கேளுங்கள், கேட்டதை எழுதி வையுங்கள்.